கண்காணிப்பும் உடன்பார்வையும்

அன்புள்ள நண்பர்களுக்கு, வணக்கம்.

பணியிடத்தில் ஆட்களைக் கவனிக்கும் வேலை எதுவானாலும் அதற்குக் கலைச்சொல் ‘கண்காணிப்பு’ என்றே இருக்கட்டும் என்று நம்மில் ஐயா ஒருவர் எழுதியிருந்தார். அகராதிப்படி பிழையில்லை. ஆனால் நீலகிரியின் கூடலூரில், தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களின் லைன் வீட்டில் வளர்ந்த எனக்கு அதை அப்படியே ஏற்க மனம் வரவில்லை.

கண்காணி என்ற சொல்தான், தோட்டத்துக்கு ஆள் சேர்த்து வேலை வாங்கியவனைக் குறிக்கும் கங்காணி ஆயிற்று. ஒரு காலத்தில் மதிப்பான சொல். சோழர் கல்வெட்டுகளில் கோயில் காரியங்களை மேற்பார்த்தவர்களுக்குக் கண்காணி என்றே பெயர். திருமூலர் இறைவனையே கண்காணி என்கிறார். தோட்டத்துக்குள் போன பிறகுதான் அந்தச் சொல் கறுத்தது. இலங்கைக்கு ஆள் சேர்த்துக்கொண்டு போன கங்காணி முன்பணம் கொடுத்தான்; அந்தக் கடனைக் காட்டியே ஆளைப் பிடித்து வைத்தான்; வேலைக்கு வந்த தலை ஒவ்வொன்றுக்கும் காசு வாங்கினான். கடனைக் கட்டினால் ஆளை விடுவதாக எழுதித் தந்த சீட்டுக்குத் ‘துண்டு’ என்று பெயர். அந்தத் துண்டு முறை 1921-இல்தான் ஒழிந்தது. 1964-இல் இந்தியாவும் இலங்கையும் செய்த ஒப்பந்தத்துக்குப் பிறகு தாயகம் திரும்பி நீலகிரிக்கு வந்த தோட்டத் தமிழர்களின் பேச்சிலும் கங்காணி என்ற சொல் இருந்தது. என் அம்மா வேலையை விட்டுப் பல ஆண்டுகள் ஆகின்றன. இன்றும் அந்தச் சொல்லைச் சொல்லும்போது அவர் குரல் தாழ்ந்துவிடும்.

ஆகவே, கேமரா, விரல்ரேகைப் பதிவு, செல்பேசி வழியாக ஆள் இருக்குமிடம் அறிதல் ஆகியவற்றுக்குக் கண்காணிப்பு என்பதை ஒதுக்குவோம். சொல்லில் ஏறிய அச்சமும் அங்கே கூடவே நிற்கட்டும், மழுப்ப வேண்டாம். வேலையின் தரத்தைப் பார்ப்பது மேற்பார்வை. கூடையில் முற்றிய இலை கலந்திருக்கிறதா என்று பார்த்தால் மேற்பார்வை. கொழுந்தெடுப்பவர் எத்தனை முறை இடுப்பை நிமிர்த்தினார் என்று எண்ணினால் கண்காணிப்பு.

மூன்றாவதாக ஒன்று இருக்கிறது; அதற்குத்தான் எழுத்தில் சொல் இல்லை. புதிதாக வந்த பெண்ணின் பக்கத்தில் நின்று, இரண்டு இலையும் ஒரு மொட்டும் எப்படிக் கிள்ளுவது என்று காட்டி, சரிவில் கால் வைக்கும் இடத்தையும் சொல்லித் தருவது. பேச்சில் ‘புதுப் பிள்ளை, கொஞ்சம் பார்த்துக்கொள்’ என்பார்கள். பார்த்துக்கொள்வது வேறு, பார்த்துக்கொண்டே இருப்பது வேறு. இந்த வேறுபாட்டைத் தமிழ் துணைவினையிலேயே வைத்திருக்கிறது. கலைச்சொல்லில் நாம் ஏன் அதை இழக்க வேண்டும்?

இதற்கு ‘உடன்பார்வை’ என்று முன்மொழிகிறேன். செய்பவர் உடன்பார்வையாளர். செவிலியர் பயிற்சிக்கும் ஆசிரியர் பயிற்சிக்கும்கூடப் பொருந்தும். ‘உடன்’ என்றால் ‘உடனே’ என்று எடுத்துக்கொள்வார்களே என்று கேட்கலாம். உடன்பிறப்பு என்ற சொல்லை யாரும் அப்படி எடுத்துக்கொள்வதில்லை.

பழனிமலைக் காப்பித் தோட்டங்களில் இதற்கு ஏற்கெனவே ஒரு சொல் வழங்குகிறது என்றால், அந்தப் பக்கத்து நண்பர்கள் எழுதுங்கள். என் சொல்லை விட்டுவிட்டு அதையே எடுத்துக்கொள்கிறேன்.