கட்டட கான்ட்ராக்ட்டோடு மரச்செக்கு: அதே ஜிஎஸ்டி எண்ணா, தனி எல்எல்பியா?

வணக்கம். ஈரோட்டில் தனிநபர் பெயரில் கட்டட கான்ட்ராக்ட் நடக்கிறது. கூடவே கடலை எண்ணெய்க்கு 20 கிலோ மரச்செக்கு ஒன்று போடப்போகிறோம்.

செக்கில் சந்தேகம் இல்லை. 100 கிலோ பருப்பு ஆட்டினால் சுமார் 40 கிலோ எண்ணெய், மீதி பெரும்பாலும் புண்ணாக்கு. பருப்பு சரியாகக் காயாவிட்டால் எண்ணெய் கலங்கும், சீக்கிரமே சிக்கு வாடை அடிக்கும். பருப்பைக் கையில் தேய்த்தால் தோல் சலசலவென்று உதிர வேண்டும், அதுதான் பதம்.

குழப்பம் வரியில்தான். எண்ணெய்க்கு 5%, ஆனால் செக்கு, மோட்டார், பாட்டில் எல்லாம் 18% கட்டி வாங்குவது. சமையல் எண்ணெயில் இப்படித் தேங்கும் உள்ளீட்டு வரிக்கு (வாங்கும்போது கட்டிய வரி) 2022 ஜூலை 18 முதல் ரீஃபண்ட் கிடையாது. அதே எண்ணில் செக்கைக் கூடுதல் இடமாகச் சேர்த்தால், கட்டிய அந்த வரியை வரவாக வைத்து கான்ட்ராக்ட்டின் 18% வரியில் கழித்துக்கொள்ளலாம். எல்எல்பி (பங்குதாரர் பொறுப்புக்கு வரம்புள்ள தனி நிறுவனம்) என்றால் வேறு பான், வரவு அங்கேயே முடங்கும்.

ஆனால் ஒரே பெயரில் இருந்தால் சைட் கடனும் வழக்கும் செக்கையும் இழுத்துவிடும். அறுவடையில் பருப்புக்கு ரொக்கம் வேண்டும். அந்த நேரம் பார்த்துப் பில் பணமும் பிடித்தம் வைத்த தொகையும் நிற்கும். இதுதான் பெரிய பயம்.

இரண்டையும் நடத்துகிறவர்கள் சொல்லுங்கள்: முதல் வருடம் ஒரே எண்ணில் ஓட்டிவிட்டுப் பிறகு எல்எல்பிக்கு மாற்றினால், இயந்திரத்தையும் மீதி வரி வரவையும் எப்படி மாற்றினீர்கள்? உணவு உரிமம் புதிதாகவே எடுக்க வேண்டியிருந்ததா?