போர்ட் ஃபார்வர்டு போட்டும் வீட்டு சர்வர் வெளியே திறக்கவில்லை

மஞ்சக்குப்பம்:
கடலூரில் ஃபைபர் இணைப்பு. ராஸ்பெரி பை 4 என்ற சின்ன கணினியில் என்ஜின்எக்ஸ் வெப் சர்வர் ஓடுது. வெப் கோரிக்கை வரும் 80, 443 போர்ட் இரண்டையும் ரவுட்டரில் பையின் 192.168.1.50 முகவரிக்குத் திருப்பிவிட்டாச்சு. வீட்டு வைஃபையில் பக்கம் வருது. மொபைல் டேட்டாவில் டைம்-அவுட். ரவுட்டரில் வேற என்ன மாத்தணும்?

வில்லியனூர்:
இப்போதைக்கு எதையும் மாத்தாதீங்க. ரவுட்டரின் ஸ்டேட்டஸ் பக்கத்தில் இன்டர்நெட் ஐபி என்னன்னு பாருங்க. 100.64 முதல் 100.127 வரைக்குள் தொடங்கினால் அது சிஜிநாட். அதாவது ஒரே பொது ஐபியைப் பல வீடுகளுக்குப் பங்குபோட்டிருக்காங்க. வெளியிலிருந்து வரும் கோரிக்கை இணைய நிறுவனத்தின் கருவியிலேயே நின்னுடும், உங்க ரவுட்டருக்கு வந்தே சேராது. 10-ல் தொடங்கினாலும் இதே கதைதான்.

இணைய நிறுவனத்திடம் தனி ஐபி கேட்டு வாங்கலாம், கூடுதல் கட்டணம் ஆகும். ஐபிவி6 (புது வகை நீண்ட ஐபி முகவரி; பழையது ஐபிவி4) இருந்தால் சிஜிநாட் குறுக்கே வராது. ரவுட்டர் ஃபயர்வாலில் பையின் ஐபிவி6 முகவரிக்கு 80, 443 திறந்து, டொமைனில் (தளத்தின் பெயர்) அந்த முகவரியைச் சுட்டும் ஏஏஏஏ பதிவு போடணும். ஆனால் ஐபிவி4 மட்டும் உள்ளவங்களுக்குத் தளம் தெரியாது.

என் தேர்வு கிளவுட்ஃப்ளேர் நிறுவனத்தின் டனல் சேவை. ராஸ்பெரி பையே உள்ளிருந்து அவங்க சர்வருக்கு இணைப்பை ஏற்படுத்துது, அதனால் ஒரு போர்ட்டும் திறக்க வேண்டாம். சொந்த டொமைன் வேணும், அதன் நேம்சர்வரை (டொமைன் பெயருக்கு முகவரி சொல்லும் சர்வர்) கிளவுட்ஃப்ளேருக்கு மாத்தணும். குறியாக்கம் அவங்க சர்வரில் ஒருமுறை அவிழும் என்பதைத் தெரிஞ்சு முடிவெடுங்க.

முதுநகர்:
எஸ்டி கார்டில் தளத்தை ஓட்டாதீங்க. எழுதிக்கிட்டிருக்கும்போது கரண்ட் போனால் ஃபைல் சிஸ்டம் கெடும். யுஎஸ்பி 3 போர்ட்டில் எஸ்எஸ்டி போட்டு அதிலிருந்தே பூட் பண்ணுங்க. பைக்கு 5 வோல்ட், 3 ஆம்பியர் அடாப்டர் அவசியம்.

யுபிஎஸ் வாங்கினால் ஃபைபர் மோடம், ரவுட்டர், பை மூன்றும் அதில் இருக்கணும். மோடத்தை விட்டுட்டா சர்வர் ஓடியும் பயனில்லை. தானே (2011), ஃபெஞ்சல் (2024) மாதிரி புயல் அடித்தால் யுபிஎஸ்ஸும் தாங்காது, கேபிளும் அறும். ஒரு பேக்கப் ஊருக்கு வெளியே இருக்கட்டும். கடற்கரை ஓரம்னா உப்புக்காத்தில் லேன் பின்கள் பச்சை பிடிக்கும்; லிங்க் விட்டு விட்டு வந்தால் முதலில் அதைப் பாருங்க.

மஞ்சக்குப்பம்:
100.72-ல் தொடங்குது. டனல் போடறேன். எச்டிடிபிஎஸ் சான்றிதழ் தனியா எடுக்கணுமா?

வில்லியனூர்:
வேண்டாம், பிரவுசருக்கான சான்றிதழை கிளவுட்ஃப்ளேரே தரும். தனி ஐபி, ஐபிவி6 வழியில் போனால்தான் லெட்ஸ் என்கிரிப்டில் இலவசச் சான்றிதழ் எடுக்கணும். 90 நாள்தான் செல்லும், செர்ட்பாட் மென்பொருளில் தானா புதுப்பிக்க வச்சிடுங்க. அந்த 80, 443 ஃபார்வர்டு விதிகளை இப்பவே அழிச்சிடுங்க.