பக்கிங்காம் கால்வாய்ப் படகுத்துறைகள்: விவரம் தேவை

சென்னைக்குள் சரக்குப் படகுகள் நின்ற துறைகளை வரைபடத்தில் குறித்து வருகிறோம். 1800-களின் தொடக்கத்தில் எண்ணூர்ப் பக்கம் தொடங்கிய கால்வாய் வெட்டு, 1876–78 பஞ்ச நிவாரண வேலையில்தான் கூவத்தையும் அடையாற்றையும் இணைத்தது. விறகும் உப்பும் நெல்லும் வந்தன. படகைக் கழி ஊன்றித் தள்ளுவார்கள், அல்லது கரையிலிருந்து கயிறு கட்டி இழுப்பார்கள். முகத்துவாரத்தில் மணல் அடைத்தால் ஓதம் (கடலின் ஏற்றநீர்) உள்ளே ஏறாது, பாரப்படகு தரைதட்டும். ரயிலும் லாரியும் சரக்கைப் பறித்தன, 1965, 66 புயல்கள் மிச்சத்தைத் தூர்த்தன. பிறகு பறக்கும் ரயில் தூண்கள், அது தனிக் கொடுமை!

லாக்குக் கதவுகள் (நீர்மட்டத்தை ஏற்றி இறக்கிப் படகை விடும் அடைப்புகள்) இருந்த இடம், அவற்றின் வாய் அகலம், ஒரு படகு ஏற்றிய மூட்டைக் கணக்கு தெரிந்தவர்கள் சொல்லுங்கள். கல்சுவர் மிச்சமிருந்தால் பக்கத்தில் டேப் வைத்துப் படம் எடுங்கள். கயிறு அறுத்த தடம் விளிம்பில் இருக்கிறதா என்றும் பாருங்கள்.