மறு: மறு: அகார் அகாருக்கும் உயிரணுவுக்கும் பொதுவாக ஒரு சொல், வியாழனுக்குள்

சுங்கை சிப்புட், தமிழ்ப்பள்ளி ஆசிரியை:
வணக்கம். வெள்ளிக்கிழமை அறிவியல் விழா, பலகை வியாழன் அச்சுக்குப் போகணும். ஆறாம் ஆண்டுப் பிள்ளைகள் அகார் அகாரை (கடற்பாசி ஜெல்லி) அமுக்கிப் பார்ப்பார்கள். பக்கத்தில் உயிரணுவை (செல்லை) அமுக்கி அளக்கும் படம். அமுக்கினால் கொஞ்சம் பாகாக நகர்ந்து, கொஞ்சம் ரப்பராகத் திரும்பும் குணத்துக்கு என்ன சொல் போடுவது?

ஈப்போ, ஆய்வு மாணவர்:
டீச்சர், 'விறைப்பு' என்று மட்டும் போட்டுவிடாதீர்கள். 1986-ல் வந்த அணுவிசை நுண்ணோக்கியில் மெல்லிய தகட்டின் நுனியால் உயிரணுவை அமுக்கி, தகடு எவ்வளவு வளைகிறது என்பதை லேசர் ஒளியால் படிக்கிறோம். அதை எண்ணாக்க 1882-ல் ஹெர்ட்ஸ் தந்த சூத்திரம் இருக்கிறது. ஆனால் அது முழுசாக மீளும் திண்மத்துக்கு எழுதியது. உயிரணுவை வேகமாக அமுக்கினால் கெட்டியாகக் காட்டும், மெதுவாக அமுக்கினால் இளகிக் கொடுக்கும். அதனால் இரண்டு எண் வேண்டும்: திரும்பக் கிடைக்கும் ஆற்றலுக்குச் சேமிப்புக் குணகம், வெப்பமாய்ப் போனதற்கு இழப்புக் குணகம். இந்தக் குணத்தை நான் 'பாகுமீள்மை' என்று எழுதுகிறேன்.

தஞ்சாவூர், ஓய்வுபெற்ற பேராசிரியர்:
பாகுமீள்மை என்ன தொகை? உவமைத்தொகை என்றால் 'பாகு போல் மீள்வது' என்றாகும். பாகு எங்கே மீள்கிறது? 'குழைமீட்சி' என்க. வினைத்தொகை, காலம் கரந்து நிற்கும். தம்பி சொல்லும் பொருளும் காலத்தைப் பொறுத்ததுதானே! ஜெல்லுக்கும் 'களி' இருக்கிறது. கள் என்பதே வேர் என்பேன். குறள் 929-ல் களித்தான் என்றால் குடித்து மயங்கியவன். குழைவும் மயக்கமும் ஓரிடத்துப் பிறந்தவை. அகார் அகாரையும் மாற்றுங்கள்.

யாழ்ப்பாணம், மொழிபெயர்ப்பாளர்:
ஐயா கள்ளுக்கடைக்கே கூட்டிக்கொண்டு போயிட்டார். எங்கட பாடநூல்களில் குணகம் 'மட்டு', உயிரணு 'கலம்', பாகுநிலை 'பிசுக்குமை'. அப்ப எங்களுக்குப் 'பிசுக்குமீள்மை' எண்டுதான் வரும்.

சுங்கை சிப்புட், பழைய தோட்டத்து ஸ்டோர்க்காரர்:
ஃபார்மிக் அமிலம் ஊத்தி உறையவச்ச ரப்பர் பாலை உருளையில கொடுத்து ஷீட் எடுத்தவன் நான். பச்சை ஷீட்டை வெடுக்குனு இழுத்து விட்டா சுருங்கும். எடை கட்டித் தொங்கவிட்டா நீண்டு, அவுத்த பிறகும் பழைய அளவுக்கு வராது. 'சவ்வு மாதிரி இழுக்குது'ன்னுதான் பேசுவோம். 'சவ்வுத்தன்மை'னு போடுங்களேன்.

ஈப்போ:
அண்ணே, பொருள் கச்சிதம். ஆனால் உயிரணுவுக்குச் சவ்வு என்று ஓர் உறுப்பே இருக்கிறதே. பிள்ளைகள் குழம்புவார்கள்.

ஸ்டோர்க்காரர்:
அப்ப அந்த உறுப்புக்கு வேற பேரு வைங்கப்பா. எங்க சொல்லு முந்தி வந்தது.

ஆசிரியை:
ஐயா, அகார் அகாரை மாற்றினால் தீபாவளிக்குச் சாப்பிட்டது எது என்றே பிள்ளைகளுக்குத் தெரியாது. அது இருக்கட்டும். 'மீட்சி' இங்கே செய்தித்தாளில் பொருளாதாரத்தோடு வருகிற சொல். பலகையில் 'பாகுமீள்மை', கீழே சின்ன எழுத்தில் 'சவ்வு மாதிரி இழுபடும், விட்டால் முழுசாகத் திரும்பாது'. அனுப்பிவிட்டேன்.

தஞ்சாவூர்:
அச்சுக்குப் போனதால் சரியாகிவிடாது. நான் எழுதும் இடத்தில் குழைமீட்சிதான். தம்பி, உம்மைத்தொகை என்று வாதாடப்போகிறீர். அப்படியென்றாலும் 'பாகு' பொருட்பெயர், 'மீள்மை' பண்புப்பெயர். இரண்டும் ஒரு வண்டியில் பூட்டிய மாடுகள் அல்ல.

ஈப்போ:
ஐயா, வாதாடவில்லை. திங்கள்கிழமை ஆய்வறிக்கை கொடுக்கணும்.

யாழ்ப்பாணம்:
இன்னொண்டு. 'விறைப்பு' எண்டால் எங்கட ஆஸ்பத்திரியில செத்த உடம்புக்குச் சொல்லுறது. உயிரோட இருக்கிற கலத்துக்கு அதையே போடலாமோ? தனி இழையாத் தொடங்கட்டே?