மியூச்சுவல் கன்சென்ட் மனுவில் குழந்தைக்கு ஒரே வரி போதுமா?

நொய்யல்:
பரஸ்பர சம்மதத்தில் (மியூச்சுவல் கன்சென்ட்) விவாகரத்து பெறுவதென்று இரண்டு வீட்டிலும் பேசி முடிவாகிவிட்டது. தனித்தனியாக இருக்க ஆரம்பித்து ஒன்றே முக்கால் வருடம் ஆகிறது. கோவையில் நானும் ஆறு வயது மகளும். கணவர் ஓசூரில் வேலை பார்க்கிறார். இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரே வக்கீல்தான். வக்கீல் தந்த மனு டிராஃப்டில் குழந்தை பற்றி இவ்வளவுதான் இருக்கிறது: “மைனர் குழந்தை தாயின் பொறுப்பில் இருக்கும். தந்தை அவ்வப்போது பார்த்துக்கொள்ளலாம். மொத்தமாக ரூ.15 லட்சம் பெற்றுக்கொண்டு, மனைவி தனக்கும் குழந்தைக்கும் எதிர்காலத்தில் எந்த ஜீவனாம்சமும் கோர மாட்டார்.” கையெழுத்துப் போடும் முன் எதையெல்லாம் மாற்றச் சொல்ல வேண்டும்? மனுப் போட்ட பிறகு ஆறு மாதம் காத்திருந்தே ஆக வேண்டுமா?

வாய்தா:
இப்படியே கையெழுத்துப் போடாதீங்க. “அவ்வப்போது” என்ற சொல்தான் பின்னால் வழக்காக வந்து நிற்கும். அவர் சனிக்கிழமை காலை வாசலில் வந்து நிற்பார்; அன்றைக்குக் குழந்தைக்குப் பள்ளி ஆண்டுவிழா ஒத்திகை இருக்கும். யார் மேலும் தப்பில்லை, ஆனால் சண்டை தொடங்கிவிடும். நிறைவேற்று மனு போட்டாலும் எந்த நாள், எத்தனை மணி என்று உத்தரவில் இல்லாதபோது எதை நிறைவேற்றச் சொல்வது?

நாள், நேரம், எங்கே ஒப்படைப்பது, யார் கூட்டிவருவது, வர முடியாவிட்டால் ஈடு எப்போது என்று எல்லாம் எழுத்தில் வரணும். உதாரணமாக: “ஒவ்வொரு மாதமும் 2-வது, 4-வது சனிக்கிழமை காலை 10 மணிக்குத் தந்தை தாயின் இல்லத்தில் குழந்தையை அழைத்துக்கொண்டு, மறுநாள் மாலை 5 மணிக்கு அங்கேயே ஒப்படைக்க வேண்டும். வர இயலாவிட்டால் 48 மணி நேரம் முன்பே எழுத்தில் தெரிவிக்க வேண்டும். அடுத்து வரும் சனிக்கிழமை அதற்கு ஈடாகும்.” குழந்தை அப்பாவோடு தங்கி நாளாகிவிட்டதென்றால் முதல் மூன்று மாதம் பகல் மட்டும், பிறகு இரவும் தங்கல் என்று படிப்படியாக எழுதலாம். கோவையில் அவருக்கு வீடு இல்லையென்றால் இரவு எங்கே என்பதையும் இப்போதே பேசிக்கொள்ளுங்க.

விடுமுறைக்குத் தேதி போடாமல் “பள்ளி நாட்காட்டிப்படி” என்று எழுதுங்க. பள்ளி மாறினாலும் ஷரத்து நிற்கும். கோடை விடுமுறையை இரண்டாகப் பிரிக்கலாம். தீபாவளி ஒற்றைப்படை ஆண்டில் ஒருவரிடம், இரட்டைப்படையில் மற்றவரிடம். பொங்கல் அதற்கு நேர்மாறாக. நீண்ட விடுமுறைக்குக் குழந்தையை மாற்றிக்கொள்ள சேலம் ஏறக்குறைய நடுவழி, இருவருக்கும் அலைச்சல் சமம். வீடியோ அழைப்புக்கும் நேரம் குறிக்கணும். பார்க்கும் உரிமை தனி, பேசும் உரிமை தனி என்று 2020-ல் யஷிதா சாஹு வழக்கில் உச்ச நீதிமன்றம் வலியுறுத்தியிருக்கிறது.

இன்று எழுதுவது என்றைக்கும் மாறாது என்று பயப்பட வேண்டாம். இந்து திருமணச் சட்டம் பிரிவு 26-ன்படி டிகிரிக்கு (நீதிமன்றத் தீர்ப்பாணை) பிறகும் மனுப் போட்டு மாற்றலாம். சம்மதத்தின் பேரில் வந்த கஸ்டடி (குழந்தை யார் பொறுப்பில் என்ற) உத்தரவும் மாற்றத்துக்கு உட்பட்டதே என்று 1973-ல் ரோஸி ஜேக்கப் வழக்கிலேயே தீர்ப்பு இருக்கிறது.

சார்புநீதி:
பண விஷயத்தில் “குழந்தைக்கும்” என்ற சொல்லை அடிக்கச் சொல்லுங்க. உங்கள் ஜீவனாம்சத்தை நீங்க மொத்தமாக வாங்கி முடித்துக்கொள்ளலாம். குழந்தையின் பராமரிப்பு அவளுடைய உரிமை, அதைத் தாய் விட்டுக்கொடுக்க முடியாது. அந்த வரி இருந்தாலும் நாளை அவள் பெயரில் கேட்கலாம்தான். ஆனால் எதிர்த்தரப்பு அதையே பிடித்துக்கொண்டு வருடக்கணக்கில் இழுக்கும்.

15 லட்சத்தில் எவ்வளவு உங்களுக்கு, எவ்வளவு மகளுக்கு என்று தனித்தனிப் பத்தியாக வரட்டும். மகளின் பங்கை அவள் பெயரில் டெபாசிட் செய்து, 18 வயதுக்கு முன் நீதிமன்ற அனுமதியில்லாமல் எடுக்கக் கூடாது என்று சேர்க்கலாம். மாதாமாதம் என்றால் தேதியும் வருடாந்திர உயர்வும் கட்டாயம். இன்று 10,000 ரூபாய் என்று வைத்து வருடம் 10 சதவீதம் ஏற்றினால் அவளுக்கு 17 வயதாகும்போது சுமார் 28,500 வரும். உயர்வு எழுதாவிட்டால் கல்லூரி வாசலிலும் அதே 10,000தான். “18 வயது வரை” என்பதையும் ஏற்காதீங்க. தன்னைத்தானே காப்பாற்றிக்கொள்ள முடியாத திருமணமாகாத மகளுக்கு 1956-ம் ஆண்டு தத்து, பராமரிப்புச் சட்டத்தில் அதற்குப் பிறகும் உரிமை உண்டு. அவர் பணம் கட்டத் தவறினால் சம்பள ஜப்தி கேட்கலாம். பராமரிப்பு டிகிரிக்கு மூன்றில் ஒரு பங்கு சம்பளம்தான் ஜப்தியிலிருந்து விலக்கு.

இன்னொன்று, சேர்ந்து மனுப் போடுவது முதல் மோஷன், பிறகு சம்மதத்தை நீதிமன்றத்தில் மறுபடி உறுதி செய்வது இரண்டாம் மோஷன். இரண்டாம் மோஷன் வரை இருவரில் யார் வேண்டுமானாலும் சம்மதத்தை வாபஸ் வாங்கலாம். அதனால் தொகையில் ஒரு பகுதி முதல் மோஷனில், மீதி இரண்டாம் மோஷன் அன்று நீதிபதி முன் டிடியாக என்று வைத்தால் இருவருக்கும் பாதுகாப்பு.

பவானிக்கரை:
ஆறு மாதக் கேள்விக்கு: 2017-ல் அமர்தீப் சிங் வழக்குக்குப் பிறகு அது கட்டாயமில்லை. முதல் மோஷனுக்கு முன்பே மொத்தம் ஒன்றரை வருடம் பிரிந்திருக்கணும், சமரச முயற்சி பலிக்காமல் போயிருக்கணும், ஜீவனாம்சமும் கஸ்டடியும் உண்மையாகத் தீர்ந்திருக்கணும். முதல் மோஷன் முடிந்து ஒரு வாரத்தில் இந்தக் காத்திருப்பிலிருந்து விலக்கு கேட்டு மனுப் போடலாம். கஸ்டடி ஷரத்து மொட்டையாக இருந்தால் “தீர்ந்துவிட்டது” என்று நீதிபதியை நம்பவைப்பது கஷ்டம்.

இரு தரப்புக்கும் ஒரே வக்கீல் என்பது எனக்குச் சரியாகப் படவில்லை. டிராஃப்டையாவது வேறொருவரிடம் காட்டுங்க. மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச உதவி உண்டு, தொலைபேசி 15100.

நொய்யல்:
நன்றிங்க. மகளுக்குப் பாஸ்போர்ட் எடுக்கவில்லை. ஒவ்வொரு முறையும் அவர் கையெழுத்துக்கு நிற்க வேண்டுமா?

வாய்தா:
பாஸ்போர்ட் விண்ணப்பத்தோடு தரும் உறுதிமொழிப் படிவம், பெற்றோர் இருவரும் கையெழுத்திட்டால் அனெக்ஸர் டி. ஒருவர் சம்மதம் இல்லாமல் விண்ணப்பித்தால் அனெக்ஸர் சி. மைனர் பாஸ்போர்ட் ஐந்து வருடம் அல்லது 18 வயது, எது முன்போ அதுவரைதான். அதனால் இந்தப் பேச்சு மறுபடி வரும். “கேட்ட 15 நாளில் தந்தை கையெழுத்திட வேண்டும்” என்று மனுவிலேயே சேருங்க.

அவர் பக்கத்துப் பயமும் நியாயமானது. குழந்தைக் கடத்தல் தொடர்பான 1980-ம் ஆண்டு ஹேக் ஒப்பந்தத்தில் இந்தியா சேரவில்லை. வெளிநாடு போன குழந்தையைத் திரும்பக் கொண்டுவருவது பெரும்பாடு. எனவே யார் கூட்டிப்போனாலும் 30 நாள் முன்னறிவிப்பு, திரும்பும் டிக்கெட் நகல், தங்கும் முகவரி என்று இருவருக்கும் பொதுவாக எழுதுங்க. வேறு ஊருக்கு மாறினால் 60 நாள் முன்பே சொல்லணும். டிசி வாங்குமுன் மற்றவருக்கு எழுத்தில் தெரிவிக்கணும். இந்த இரண்டையும் அதே பத்தியில் போட்டுவிடலாம்.