முன் ஃபெண்டரின் கதவுப் பக்கம் அசையவில்லை, எங்கே பிடித்திருக்கிறது?

கோத்தகிரி ஆல்ட்டோ:
வணக்கம். இரவு வாசலில் நின்ற என் பழைய ஆல்ட்டோவைக் காட்டெருமை உரசிவிட்டுப் போய்விட்டது. இடது முன் ஃபெண்டர், அதாவது முன் சக்கரத்துக்கு மேலுள்ள தகடு, மடங்கி டயரைத் தொடுகிறது. டிங்கரிங் பட்டறையில் கேட்ட கூலிக்குப் புது ஃபெண்டரே வாங்கிவிடலாம் என்று கோயம்புத்தூரிலிருந்து ஒன்றை வரவழைத்தேன். பம்பரை இறக்கியாயிற்று. பானெட் ஓரத்து போல்ட்டுகளும் சக்கரத்துக்கு மேலுள்ள பிளாஸ்டிக் தடுப்பும் கழன்றுவிட்டன. முன்பக்கம் ஆடுகிறது, கதவுப் பக்கம் அசைய மறுக்கிறது. கடப்பாரை வைத்து நெம்பலாமா? இந்த மூடுபனியில் வீட்டிலேயே பெயின்ட் அடித்தால் நிற்குமா?

குன்னூர் மெக்கானிக்:
கடப்பாரையைத் தோட்டத்திலேயே வையுங்கள் தம்பி. கதவுத் தூண் மடங்கினால் செலவு வேறு கணக்காகிவிடும். முன் கதவை முழுதாகத் திறந்து, கீல் இருக்கும் இடுக்கில் டார்ச் அடித்துப் பாருங்கள். அங்கே ஒரு போல்ட் ஒளிந்திருக்கும். கதவுப் படிக்கு முன்னால், கீழே இன்னொன்று. எஸ்டேட் ஓரம் நிற்கும் வண்டியென்றால் சில்வர் ஓக் இலையும் சேறும் அதை மூடியிருக்கும். நம் ஊர் வண்டிகளில் ஃபெண்டர் முதலில் அழுகுவதும் அந்த மூலையில்தான். துரு இளக்கும் ஸ்பிரே அடித்து ஊறவிடுங்கள். பிறகு 10 மி.மீ. சாக்கெட்டால் முதலில் இறுக்கும் பக்கம் லேசாக அசைத்து, அப்புறம் தளர்த்துங்கள். சின்ன போல்ட், முரட்டுத்தனம் காட்டினால் தலை துண்டாகிவிடும். பக்க இண்டிகேட்டர் இருந்தால் அதன் ஒயரைப் பிரிக்காமல் ஃபெண்டரை இழுக்காதீர்கள்.

ஊட்டி டாக்சி:
முன் ஃபெண்டர் என்பதால் தப்பித்தீர்கள். பின் சக்கரத்துக்கு மேலுள்ள தகடு உடலோடு வெல்டிங் செய்தது. அதில் வீட்டில் கைவைக்கவே கூடாது. ஐந்து ஆண்டுகள் இன்சூரன்ஸில் கிளெய்ம் இல்லாமல் ஓட்டி, பிரீமியத்தில் 50 சதவீத போனஸ் தள்ளுபடி சேர்த்திருப்பவர் ஒரு ஃபெண்டருக்காகக் கிளெய்ம் போட்டு அதை இழப்பதும் வீண்தான்.

கோத்தகிரி ஆல்ட்டோ:
கதவு இடுக்கு போல்ட் வந்துவிட்டது, நன்றி அண்ணா. கீழே உள்ளது சுற்றிக்கொண்டே இருக்கிறது, வெளியே வரவில்லை.

குன்னூர் மெக்கானிக்:
உள்ளே வெல்டிங் செய்திருந்த நட் பிடிப்பை விட்டுவிட்டது. இனி ஸ்பேனர் உதவாது. கண்ணாடி மாட்டிக்கொண்டு, டிரில்லால் போல்ட் தலையைத் துளைத்து எடுத்துவிடுங்கள். அந்த இடத்தில் வெல்டிங் இல்லாமலே துளையில் இறுகிப் பிடிக்கும் ரிவெட் நட் பொருத்தலாம். வெளியே தெரியும் இரும்புக்குத் துரு தடுக்கும் அடிப்பூச்சான எபாக்ஸி பிரைமர் அடித்துவிட்டே புதியதை ஏற்றுங்கள். எல்லா போல்ட்டையும் விரலால் மட்டும் முடுக்கி, கதவையும் பானெட்டையும் மெதுவாக மூடி, இடைவெளி மேலிருந்து கீழ்வரை ஒரே அளவாக இருக்கிறதா என்று பார்த்த பிறகே இறுக்குங்கள். கதவு விளிம்பில் டேப் ஒட்டிக்கொள்ளுங்கள். முதல் தடவை திறக்கும்போதுதான் உரசும்.

மேட்டுப்பாளையம் பெயின்டர்:
வீட்டில் அடிக்க வேண்டாம் ஐயா. தின்னர் ஆவியாகும்போது தகடு குளிரும். காற்றின் ஈரம் அதன்மேல் படிந்து பெயின்ட் பால் போல வெளுத்துவிடும். ஹார்டனர் கலக்கும் பெயின்டும் குளிரில் சீக்கிரம் இறுகாது. வடகிழக்குப் பருவமழை உங்கள் பக்கம் விடும்வரை காத்திருங்கள், அல்லது ஃபெண்டரை மட்டும் பஸ்ஸில் போட்டுக் கீழே கொண்டுவாருங்கள். கழற்றி அடித்தால் உள் விளிம்புவரை பெயின்ட் ஏறும். புதுத் தகட்டின் கறுப்புப் பூச்சை இரும்பு தெரியத் தேய்க்காதீர்கள், துருவுக்குக் காவலே அதுதான். 400 எண் தாளால் பளபளப்பு போனால் போதும். மெட்டாலிக் நிறமென்றால் கதவுவரை நிறத்தை இழைத்துவிட வேண்டியிருக்கும். அதற்கு வண்டியே வர வேண்டும்.

கோத்தகிரி ஆல்ட்டோ:
சாதா வெள்ளைதான். பழையது கையோடு வந்துவிட்டது, புதியதைப் பெயின்டுக்குக் கீழே அனுப்புகிறேன்.

ஊட்டி டாக்சி:
பம்பரோடு ஹெட்லைட்டையும் அசைத்திருந்தால், மாட்டிய பிறகு சுவரில் ஒளியை அடித்து உயரத்தைச் சரிபாருங்கள். மலைப்பாதையில் எதிரே ஏறி வருகிறவரின் கண்ணில் அடிக்கும்.