சிம்னியை எத்தனை நாளைக்கு ஒருமுறை கழுவுகிறீர்கள்?

கோபிக்காரன்:
போன தீபாவளிக்கு முறுக்கு சுடும்போது வாணலிக்குள் ஏதோ சொட்டியது. நிமிர்ந்து பார்த்தால் சிம்னியின் ஓரத்தில் தேன் மாதிரி இன்னொரு சொட்டு தொங்குகிறது. வாங்கி 14 மாதம். "தானாகவே சுத்தம் பண்ணிக்குமுங்க, பட்டனை அமுக்கினால் போதும்" என்று கடையில் சொன்னதை நம்பி ஒருநாளும் கழற்றிப் பார்க்கவில்லை.

வந்த மெக்கானிக் எண்ணெய்க் கிண்ணத்தை உருவிக் காட்டினார். விளிம்பு வரை நிறைந்திருந்தது. அந்தப் பட்டன் உள்ளே சூடேற்றி, காற்றாடியில் ஒட்டிய பிசுக்கை உருக்கிக் கிண்ணத்தில் இறக்குகிறது, அவ்வளவுதான். கொட்டுவது நம் வேலை. வெளியே போகும் குழாயை அது தொடுவதே இல்லை. எங்கள் குழாய் இரண்டு இடத்தில் வளைந்து, நடுவில் தொய்ந்து, தொய்வில் எண்ணெய் தேங்கிக் கிடந்தது. சுவருக்கு வெளியே உள்ள மூடியும் பிசுக்கில் ஒட்டிக்கொண்டு திறக்கவில்லை. அடுப்புத் தீ மேலே எட்டியிருந்தால் என்று ஆரம்பித்தேன், வீட்டுக்காரம்மா வாயை அடைத்துவிட்டார்.

இப்போது 2 வாரத்துக்கு ஒருமுறை ஃபில்டரை வெந்நீரில் ஊறவைத்துக் கழுவுகிறோம். பலகாரம் சுட்டால் மறுநாளே. காற்றாடி, குழாய் எல்லாம் வருஷத்துக்கு ஒருமுறை ஆளை வைத்து.

திருப்பூர் அடுக்குமாடி:
எங்களுடையது குழாய் இல்லாத சிம்னி. உள்ளே இருக்கும் கரி ஃபில்டரைக் கழுவக் கூடாது, மாற்றத்தான் வேண்டும். தெரியாமல் நான் கழுவிக் காயப்போட்டேன். அப்புறம் ஒரு மாதம் வீடெல்லாம் கருவாட்டு வாசம். இன்னொன்று, அலுமினிய வலையைக் காஸ்டிக் சோடாவில் போட்டுவிடாதீர்கள், கறுத்து அரித்துப்போகும்.

பெருந்துறை தோட்டத்து வீடு:
கேஸ் இருக்குதுங்க. ஆனால் தண்ணீர் காய்ச்சவும் கறிக்குழம்புக்கும் அமுச்சி காலத்து விறகடுப்புதான், மேலே செங்கல் புகைபோக்கி. அப்புச்சி இருந்தவரை பொங்கலுக்கு வெள்ளையடிக்கும் முன்னால் ஒரு கயிற்றில் கல்லையும் சாக்கையும் கட்டி மேலிருந்து இறக்கி இழுப்பார். அவருக்குப் பிறகு யாரும் செய்யவில்லை. ஒரு ஐப்பசி மழையில் ஈர மட்டையாகவே எரித்தோம். புகை திரும்பி வீட்டுக்குள் வந்தது. நாலு நாள் கழித்து, உள்ளே லாரி போவதுபோல ஒரு இரைச்சல், மேலே பொறி பறக்கிறது. பக்கத்தில் ஓலைக் கொட்டகை! அடுப்பு வாயைத் தகரத்தால் மூடி, கொட்டகை மேல் குடம் குடமாக ஊற்றினோம். அணைந்த பிறகு பார்த்தால் உள்சுவரில் தார் பூசியதுபோல மினுமினுப்பு. காய்ந்த கரி துடைத்தால் வந்துவிடும், இது சுரண்டினாலும் வரவில்லை.

வால்பாறை:
அதற்குப் பெயர் கிரியோசோட். ஈர விறகும் மெதுவாகப் புகையும் தீயும் இருந்தால் சீக்கிரம் படியும். எங்கப்பா எஸ்டேட் பங்களாவில் கணப்பு பார்த்துக்கொண்டவர். மழை ஓய்ந்து குளிர் தொடங்கும் முன் ஒருமுறை டார்ச் அடித்துப் பார்த்துவிட்டுத்தான் முதல் விறகை வைப்பார். அமெரிக்காவில் தீத்தடுப்புச் சங்கம் (என்எஃப்பிஏ) வகுத்த 211 என்ற விதியும் வருஷத்துக்கு ஒருமுறையாவது சோதிக்கச் சொல்கிறது. அங்கே வழக்கமான கணக்கு, படிவு 3 மி.மீ. கனத்தை எட்டினால் துடைப்பது. வருஷக் கணக்கைவிட எனக்கு இதுதான் சரியாகப் படுகிறது, என்ன விறகு எரிக்கிறோம் என்பதைப் பொறுத்தது இல்லையா. விரிசல் இருக்கிறதா என்றும் பாருங்கள். புகைவழி அடைத்து அறைக்குள் தங்கும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையே கிடையாது.

பெருந்துறை தோட்டத்து வீடு:
நீங்கள் சொன்னபடி உச்சிவெயிலில் அடியில் கண்ணாடி பிடித்துப் பார்த்தேனுங்க. விரிசல் இல்லை, மைனாக் கூடுதான் இருக்கிறது, உள்ளே குஞ்சுகள். அதுகள் பறக்கிற வரைக்கும் வாசலில் கல்லுக் கூட்டித் தண்ணீர் காய்ச்சுகிறோம்.